துக்க வீட்டுப் பயிற்சி

மாமா செத்து ஐந்து நாளாகியும் நறுமுகை கரூருக்குப் போகவில்லை. திருச்சியிலிருந்து கரூர் என்ன கண்காணாத தேசமா? காவிரிக் கரையோடு ஒரே பஸ், இரண்டு மணி நேரம். முதல் நாள் காய்ச்சல் என்றாள். மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை, செவ்வாயில் யாராவது துக்கம் கேட்கப் போவார்களா என்றாள். நாளைக்கு வெள்ளி, அதுவும் ஆகாது. பஞ்சாங்கம் எந்தப் பக்கம் திறக்கும் என்றே தெரியாத பெண்ணுக்குத் திடீரென்று வந்த பக்தியைப் பார்த்தீர்களா!

உண்மைக் காரணம் வேறு. நறுமுகைக்கு மனுஷர்கள் என்றால் பயம். வெறுப்பு கிடையாது, பயம்தான். ஒரு வீட்டு வாசலில் நாலு ஜோடி செருப்பைப் பார்த்தால் போதும், உள்ளங்கை வேர்த்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே போய் ஏதாவது தப்பாகச் சொல்லிவிடுவோம், அதனால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்று பத்து வயதில் பிடித்த பயம், இருபத்தொன்பதிலும் விடவில்லை.

காலமும் அவளுக்குத் தோதாக அமைந்துவிட்டது. அரிசி பருப்பு பறந்து வந்து பால்கனியில் இறங்குகிறது. ஆட்டோவுக்கு ஓட்டுநர் இல்லை, பேரம் பேச வேண்டாம். வேலையும் வீட்டிலிருந்தேதான், தறியில் ஓடும் துணியைத் திரையில் பார்த்து எங்கே இழை அறுந்திருக்கிறது என்று குறிக்கிற வேலை. இந்த 2047-இல் ஒரு மனுஷி வாயைத் திறக்காமலே ஒரு வருஷத்தை ஓட்டிவிடலாம். நறுமுகை மூன்று வருஷம் ஓட்டியிருந்தாள்.

ஆனால் சாவு இருக்கிறதே, அதற்கு மட்டும் ஆள் போய்த்தான் ஆக வேண்டும். நல்லதுக்குச் சொன்னால் போகணும், கெட்டதுக்குக் கேட்டாலே போகணும். மெல்போர்னில் இருக்கும் சித்தப்பா முதல் நாள் ஒளியுருவமாக வந்து கூடத்தில் நின்றாராம். அழுதுகொண்டு வந்த பெண்கள் அவர் வழியாகவே நடந்து போனார்களாம். "கையைப் பிடிச்சு அழ ஒரு கை இல்லாம வந்து நிக்கறானே, இவனும் ஒரு மனுஷனா" என்று ஊரே பேசிற்று.

அதுவும் செத்தது சுரேஷ்குமார் மாமா. கல்யாண வீடுகளில் சொந்தக்காரக் கூட்டம் நறுமுகையைச் சூழ்ந்துகொண்டு என்ன படிக்கறே, ஏன் இளைச்சுட்டேன்னு தொடங்கும்போது, குறுக்கே வந்து நிற்கும் ஒரே ஆள் அவர்தான். "பிள்ளைக்குப் பசிக்குது, விடுங்கப்பா" என்று சொல்லி நேரே பந்திக்குக் கூட்டிப்போய்விடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷருக்குத்தான் அவள் போகவில்லை.

மாமாவின் மனைவி பிரேமலதா அத்தை, நறுமுகையின் அப்பாவுக்குத் தங்கை. மாமா எவ்வளவு சாதுவோ அத்தை அவ்வளவு சத்தம். மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்க, "ஏன்டி, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்கிற ரகம். உலகத்தில் நறுமுகை அதிகம் பயப்படும் ஆள் யார் என்றால், அத்தைதான்.

அத்தை மகன் மகிழன் அன்று காலையில் செய்தி அனுப்பியிருந்தான். "காரியம் திங்கக்கிழமை, பதினாறாம் நாள். அதுக்குள்ள ஒரு தடவை வந்துடு நறு. அதுக்கப்புறம் வந்தா என்ன, வராட்டி என்ன."

அவன் சொன்னது நிஜம். பதினாறு கழிந்தால் துக்கம் கேட்கிற வாசல் சாத்திவிடும். அப்புறம் ஆயுசுக்கும் அவள் 'மாமா சாவுக்கு வராதவள்'தான்.

அவளுக்கு இருந்த ஒரே துணை 'வாசல்'. ஆறு வாரமாக அந்த ஆன்லைன் சிகிச்சையில் இருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நெற்றியில் ஒரு மெல்லிய பட்டையைக் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். பாதித் தூக்கம், பாதி விழிப்பு. கண்ணுக்குள் ஒரு தெரு விரியும். அந்தத் தெருவில் எப்போதும் சாயங்காலம் நாலு மணி. வேப்பம்பூ உதிர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் தரையில் ஒன்றுகூடச் சேராது. எங்கோ சோறு கொதிக்கிற வாசனை வரும். தெருவின் இரண்டு பக்கமும் வீடுகள்: பால் காய்ச்சுகிற புதுவீடு, பிள்ளை பெற்ற வீடு, பெண் பார்க்க வந்திருக்கும் வீடு. ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கிப் பழக வேண்டும்.

"முதல்ல வெளிநாட்டுப் பயிற்சியை அப்படியே தமிழாக்கித்தான் கொடுத்தோம்" என்று அவளுடைய ஆலோசகர் ரெஹானா ஒருமுறை சொல்லியிருந்தார். சென்னையில் இருக்கிறார், திரையில் மட்டும் பார்த்த முகம். "கடைக்குப் போய் வேணும்னே சில்லறையைக் கொட்டுங்க, எல்லாரும் பார்க்கட்டும்னு இருக்கும். ஒரு அம்மா சிரிச்சுட்டாங்க. கடைக்காரன் யாரு எவன்னே தெரியாது, அவன்கிட்ட எனக்கென்ன மேடம் பயம், எங்க பெரியம்மாகிட்டதான் பயம்னாங்க. அன்னிக்குத்தான் இந்தத் தெருவைக் கட்ட ஆரம்பிச்சோம்."

நறுமுகைக்கு அந்தத் தெருவில் ஒரு வியாதி கண்டுபிடித்தார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் யாரிடமும் சொல்லாமல் நழுவி வந்துவிடுவாள். எழுந்து நின்று எல்லார் முகத்தையும் பார்த்து "போயிட்டு வர்றேன்" என்று சொல்ல வராது. அதற்கென்றே ஒரு மாதம். நாற்பது வாசல்களில் நின்று நாற்பது முறை சொன்னாள். கடைசியில் தூக்கத்தில் எழுப்பினாலும் நாக்கு தானாகச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது. ரெஹானா கைதட்டினார்.

இப்போது, ஐந்தாம் நாள், நறுமுகை எல்லாவற்றையும் சொல்லி அழுதபோது ரெஹானா கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

"தெருக்கோடியில ஒரு வீடு இருக்கு. உங்களுக்கு இன்னும் திறக்கலை. துக்க வீடு" என்றார். "திறந்து விடறேன். பதினஞ்சாம் நாளுக்குள்ள பழகிடலாம். போனதும் எதுவும் பேச வேண்டாம். எப்படி ஆச்சுன்னு மட்டும் கேட்காதீங்க. பக்கத்துல உட்காருங்க, கையைப் பிடிச்சுக்குங்க. எழுந்து வரும்போது..."

"எதுவும் சொல்லக்கூடாது. தெரியும் மேடம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

துக்க வீட்டில் யாரும் விடைபெற மாட்டார்கள். போயிட்டு வர்றேன் என்று அங்கே சொன்னால், இந்த வாசலுக்கு இன்னொரு முறை இதே காரியமாக வருவேன் என்று ஆகிவிடும். இன்னொரு சாவைக் கூப்பிட்ட மாதிரி. அதனால் பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

அந்த வீட்டுப் பயிற்சியின் முதல் நாள் வாசல்வரைதான் போக முடிந்தது. வெளியே செருப்புகள். எண்ண எண்ணக் கூடிக்கொண்டே போயின. கனவல்லவா, அவை தமக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டும் இருந்தன. படி அவள் இடுப்பளவுக்கு உயர்ந்துவிட்டது. விழித்துக்கொண்டாள்.

இரண்டாம் முறை படி முழங்காலளவுதான் இருந்தது. ஏறினாள். உள்ளே வெளிச்சம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் ஆடிற்று. பாய் விரித்திருந்தது. அதில் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், நீலப் புடவை, நல்ல நீள முகம், யார் சாயலும் இல்லை. நறுமுகை பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் கை ஜில்லென்றிருந்தது.

ரொம்ப நேரம் கழித்து அந்தப் பெண், "அவருக்குக் குறட்டை" என்றாள். "இருபத்தெட்டு வருஷம் திட்டினேன். இப்ப வீடு அமைதியா இருக்கு, தூக்கம் வர மாட்டேங்குது."

அட, எப்படிச் செய்திருக்கிறார்கள்! இயந்திரத்துக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று நறுமுகை வியந்துபோனாள்.

அதற்கப்புறம் மதியம் எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்துவிட்டாள். வேப்பம்பூவுக்கு நடுவே நடந்து, படியேறி, பாயில் உட்கார்ந்துகொள்வாள். அந்தப் பெண் சில நாள் பேசுவாள், சில நாள் சும்மா இருப்பாள். ஜன்னலுக்கு வெளியே மேகம் தெருவளவு தாழ்ந்து வந்து போகும். ஒருமுறை நறுமுகையே வாய் திறந்து, "அக்கா, எனக்கு ஒருத்தர் இருந்தாரு, நான் அவர் சாவுக்குப் போகலை" என்றாள். அந்தப் பெண் அவள் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். யாரிடமும் இவ்வளவு லேசாக இருந்ததில்லை நறுமுகை. கரூருக்குப் போய்விடலாம் என்றே தோன்றிவிட்டது.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும்! பதினோராம் நாள், உட்கார்ந்து, கையைப் பிடித்து, மனசு நிறைந்து, எழுந்து வாசல்வரை வந்தவள் திரும்பினாள். நாற்பது வாசலில் பழகின நாக்கு. மலர்ந்த முகத்தோடு, "போயிட்டு வர்றேன்க்கா" என்றாள்.

அந்தப் பெண் விலுக்கென்று நிமிர்ந்தாள். கண்கள் விரிந்தன. வாய் ஏதோ சொல்லத் திறந்தது. அதற்குள் நறுமுகையின் நெஞ்சு அடித்த அடியில் தெரு, வீடு, பாய் எல்லாம் கிழிந்துபோய், திருச்சி வீட்டு மின்விசிறிக்குக் கீழே முழித்துக்கொண்டு கிடந்தாள்.

போகட்டும், பொம்மைதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். மறுநாள் ரெஹானாவிடம் சிரித்துக்கொண்டேகூடச் சொல்லிப் பார்த்தாள். ரெஹானா சிரிக்கவில்லை.

"நறுமுகை, ஒரு விஷயம் உங்ககிட்ட முன்னாலேயே சொல்லியிருக்கணும்" என்றார். "அவங்க பொம்மை இல்லை."

"புரியலை மேடம்."

"இயந்திரம் செஞ்ச ஆளுங்களைப் பார்த்து நம்ம ஆளுங்களுக்குப் பயமே வரலை. பயம் வராட்டி பழக்கம் எங்கேருந்து வரும்? அதனால தெருவுல இருக்கற எல்லாருமே நிஜ ஆளுங்க. முகத்தையும் குரலையும் மட்டும் மாத்திடுவோம். நீங்க துக்க வீட்டுக்குப் போக பயப்படறீங்க. அவங்க துக்கம் கேட்க வர்றவங்களைப் பார்க்க பயப்படறாங்க. ஒருத்தருக்கொருத்தர் மருந்து. சம்மதப் படிவத்துல எழுதியிருக்கு."

"அதை யாரு மேடம் படிக்கறா?"

அது நிஜம்தான் என்று ரெஹானா ஒப்புக்கொண்டார்.

"எப்படிப் பொருத்தறீங்க? என்னையும் அவங்களையும்?"

"முதல்ல தமிழ்னு பொருத்தினோம். மதுரைக்காரருக்குச் சென்னை வீடு ஒட்டலை. அப்புறம் மாவட்டம். அப்புறம் பேச்சு, சாப்பாடு, சடங்கு, செம்புல தண்ணி எப்படிக் கொடுக்கறாங்கங்கற வரைக்கும். எவ்வளவு நெருக்கமா பொருந்துதோ அவ்வளவு சீக்கிரம் குணமாகுது. அதனால சல்லடை மாதிரி சலிச்சுக்கிட்டே போகுது இயந்திரம்."

"அப்படிச் சலிச்சா கடைசியில எத்தனை பேர் மிஞ்சுவாங்க?"

"சில சமயம் ஒருத்தர்தான்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார் ரெஹானா. பிறகு, மறைக்க மனசில்லாமல், "அவங்க மகன் காலையில கூப்பிட்டார். நேத்து மத்தியானம் தூங்கி எழுந்ததுலேருந்து அம்மா சாப்பிடலைன்னார்" என்றும் சொல்லிவிட்டார்.

நறுமுகை திரைக்குக் கிட்டே வந்தாள். "நான் வாயைத் திறந்தா யாருக்காவது கெடுதல் வரும்னு பத்து வயசுலேருந்து பயந்தேன். அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க? இத்தனை வாரமா அதைத்தானே சொன்னீங்க? அவங்க வீட்டு விலாசம் கொடுங்க. கால்ல விழுந்துட்டு வர்றேன்."

"கொடுக்க முடியாது. பேரும் விலாசமும் எங்களுக்கே மறைச்சுத்தான் வரும் நறுமுகை. மன்னிச்சுக்குங்க."

பட்டையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் எறிந்தாள். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. சமைக்கவில்லை. கண்ணை மூடினால் அந்த விரிந்த கண்கள். எவள் வீட்டுக் கூடத்திலோ போய் உட்கார்ந்து, கையைப் பிடித்து, ஆறுதலும் வாங்கிக்கொண்டு, கிளம்பும்போது எமனைக் கூப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள்! அவள் மகனுக்கு ஒன்று ஆகிவிட்டால்? நினைத்து நினைத்து அழுதாள். மாமாவுக்காகவும் சேர்த்து அழுதாள். செத்த நாளன்று அழ வேண்டியது அதெல்லாம்.

பதினைந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அழுகை வற்றிப்போனபோது ஒன்று மட்டும் புலப்பட்டது. விலாசம் தெரியாத வீட்டுக்குப் பாவம் செய்தாயிற்று, அங்கே போக வழியில்லை. விலாசம் தெரிந்த வீடு ஒன்று இருக்கிறது. அங்கேயும் போகாமலிருந்தால் நான் என்ன ஜென்மம்? தலைக்குக் குளித்தாள். கையில் கிடைத்த புடவையைச் சுற்றிக்கொண்டாள்.

பஸ்ஸில் ஓட்டுநர் இல்லை, கண்டக்டர் இருந்தார். கண்டக்டர் இல்லாமல் நம்ம ஊரில் பஸ் நகருமா? "எங்கேம்மா?" என்றார். "கரூர். துக்கத்துக்கு" என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னலோர இடத்தைக் காட்டினார். காவிரியில் மணலும் தண்ணீரும் மாறி மாறி வந்தன. வாழைத் தோட்டங்கள் வெயிலில் கரைந்துகொண்டிருந்தன. விழித்திருக்கிறோமா, பட்டை கட்டியிருக்கிறோமா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வியர்வைதான் இருந்தது.

வாசலில் மூன்று ஜோடி செருப்புகள். எண்ணிப் பார்த்தாள், கூடவில்லை. படியும் படியளவில்தான் இருந்தது. கதவைத் திறந்த மகிழன் விலகி நின்று வழிவிட்டான். தாடி வளர்ந்து அப்படியே மாமா ஜாடை.

கூடத்தில் அத்தை பாயில் உட்கார்ந்திருந்தாள். பாதியாகிப் போயிருந்தாள். மண்டபம் அதிரப் பேசுகிற அத்தையா இது? நறுமுகைக்குப் பழக்கம் கைகொடுத்தது. போய் உட்கார்ந்தாள். எப்படி ஆச்சு என்று கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டியா" என்றாள் அத்தை.

மகிழன் காபி போட உள்ளே போனான். அவன் போனதைப் பார்த்துவிட்டு அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உனக்கு ஆளுங்களைக் கண்டா பயம்னு உங்க மாமா சொல்லுவாரு. எனக்கும் அப்படித்தான்டி. யாருக்கும் தெரியாது. உள்ளங்கை வேர்க்கும். அதை மறைக்கத்தான் கத்திக் கத்திப் பேசினேன். அவரு பக்கத்துல நிப்பாரு, சமாளிச்சுடுவேன். இப்ப காலிங்பெல் அடிச்சாலே உடம்பு உதறுது. வர்றவங்க எல்லாரும் எப்படி ஆச்சுன்னு கேக்கறாங்க. நூறு தடவை சொல்லிட்டேன். நூறு தடவையும் அவரு என் கண்ணு முன்னால விழுந்து விழுந்து செத்தாரு."

இத்தனை வருஷம் இந்த மனுஷியைப் பார்த்தா ஓடி ஒளிந்தோம்!

"மத்தியானம் தூங்கறதுக்குன்னு மகிழன் நெத்தியில ஒரு பட்டை கட்டிவிட்டான்" என்று அத்தை தொடர்ந்தாள். "அதைக் கட்டினா ஒரு கனவு வரும். தினமும் ஒரே கனவு. ஒரு பொண்ணு வருவா. அவ ஒருத்திதான் எப்படி ஆச்சுன்னு கேக்கலை. பேசாம கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. கடைசி நாள் வாசல்ல நின்னு, போயிட்டு வர்றேன்க்கான்னுட்டா."

நறுமுகை பிடித்த பிடியை விடவில்லை.

"தூக்கிவாரிப் போட்டுச்சு. துக்க வீட்டுல இப்படிச் சொல்லலாமான்னு திட்டத்தான் வாயைத் திறந்தேன். அப்புறம் யோசிச்சேன். பதினோரு நாளா எத்தனை பேர் வந்தாங்க! எல்லாரும் சொல்லாம எழுந்து போனாங்க. அதுதான் முறை, தப்பு சொல்லலை. ஆனா ஒவ்வொருத்தரும் அப்படி எழுந்து போகையில அவரு போனது மாதிரியே இருந்துச்சுடி. அவரும் சொல்லிட்டா போனாரு? திரும்ப வர்றேன்னு சொன்னவ அவ ஒருத்திதான். சரி, வா கண்ணுன்னு சொல்றதுக்குள்ள காணாமப் போயிட்டா."

"அதனாலயா அத்தை சாப்பிடலை?"

"எந்நேரமும் பட்டையைக் கட்டிக்கிட்டே படுத்துக் கிடந்தேன். சோத்துக்கு எழுந்தா அந்த நேரம் பார்த்து வந்துட்டுப் போயிட்டான்னா?" அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூணு நாளாச்சு. தெரு இருக்கு, வேப்பம்பூ கொட்டுது, அவளை மட்டும் காணோம். யாரு பெத்த பொண்ணோ. வருவாளா நறு?"

சொல்லிவிடலாமா? சொன்னால் கோபித்துக்கொண்டால்? கனவில் நுழைந்து வேவு பார்த்தாய் என்றால்? தப்பாகப் போய்விட்டால்? பழைய பயமெல்லாம் வரிசைகட்டி வந்து நின்றது. நறுமுகை வாயைத் திறந்தாள்.

"அத்தை. அது நான்தான்."

அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண், மூக்கு, நெற்றியென்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குனிந்து, தான் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். அதை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு அந்தப் பழைய குரல், மண்டபம் முழுக்கக் கேட்கிற குரல், எங்கிருந்தோ கிளம்பி வந்தது.

"ஏன்டி, கனவு வரைக்கும் வரத் தெரிஞ்சவளுக்கு, கரூருக்கு ஒரு பஸ் ஏறத் தெரியலையாடி?"

சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்தது. நறுமுகையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, பதினைந்து நாளில் முதல்முறையாக, தெருவுக்கே கேட்க ஓவென்று அழுதாள். காபி டம்ளர்களோடு ஓடி வந்த மகிழன் ஒன்றும் புரியாமல் நின்றான். அழுகைக்கு நடுவே அத்தை அவனைப் பார்த்து, "பிள்ளைக்குப் பசிக்கும், ரெண்டு பேருக்கும் சோறு போடு" என்றாள்.